அறை எண் மூன்றுக்கு வரவும்

கண்ணைத் திறக்காதீர்கள், ஐயா. இந்தச் சொட்டு மருந்து முதலில் அப்படித்தான் எரியும். திறந்தால் வெளிச்சம் கூசும், கூசினால் தண்ணீர் வழியும், வழிந்தால் மருந்தும் அதோடு போய்விடும். பிறகு சிஸ்டர் வந்து மறுபடியும் விடுவார். கண் பாவை முழுவதும் விரிந்தால்தான் டாக்டர் உள்ளே கூப்பிடுவார். அதுவரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். உங்கள் மருமகள் கேன்டீனுக்குப் போயிருக்கிறார். அவர் வரும்வரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் மருந்து விட்டிருக்கிறார்கள். எனக்குக் கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. டோக்கன் வாங்கினேன், வாங்கியவர்கள் எல்லோருக்கும் விட்டுக்கொண்டே வந்தார்கள், எனக்கும் விட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் டோக்கன் வாங்கினீர்கள் என்று கேட்டிருப்பார்கள்.

உங்களுடையது நாற்பத்தொன்று. என்னுடையது நாற்பத்திரண்டு. இடைவேளைக்குப் பிறகு வரும் முதல் எண் எனக்கே கிடைக்கும் என்று நினைத்து வந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். பரவாயில்லை. நீங்கள் எழுந்து போகாமல் இருந்தால் அதுவும் ஒன்றுதான்.

காலையிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த பெண்குரலைக் கவனித்தீர்களா? “டோக்கன் எண் முப்பத்தெட்டு. அறை எண் மூன்றுக்கு வரவும்.” ஏற்ற இறக்கம் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. ஓர் எழுத்துகூட விழுங்கப்படவில்லை. கம்ப்யூட்டரே பேசுகிறது என்று நினைத்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். அது என் தங்கை. பூங்கோதை. வீட்டில் கோதை.

இறந்து மூன்று வருடம் ஆகப்போகிறது.

இல்லை ஐயா, வருத்தப்படுவதற்காகச் சொல்லவில்லை. உங்களை இங்கேயே இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன் அல்லவா, அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். இடைவேளை முடிந்ததும் இந்தக் கூடத்தில் முதலில் கூப்பிடப்போவது உங்களைத்தான். அந்த அழைப்பு மிக முக்கியமானது. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்குத் திருப்தி இருக்காது. பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் எடுத்த பழக்கம். இங்கே டோக்கன் கூப்பிடுகிற புரோகிராமை எழுதியதும் நான்தான். இந்த மருத்துவமனை சின்னதாக இருந்தபோது, இந்த ஒரு கூடம் மட்டும் இருந்தபோது எழுதியது.

புரோகிராமில் கிளாஸ் என்று ஒன்று உண்டு. ஓர் அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து எத்தனை பொருள் வேண்டுமானாலும் வார்க்கலாம். ஆனால் சில பொருள்கள் ஒன்றுக்கு மேல் இருக்கவே கூடாது. கூப்பிடுகிற குரல் அப்படிப்பட்டது. இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்று உங்களை மூன்றாம் அறைக்குக் கூப்பிடும், மற்றொன்று அதே நிமிடம் இன்னொருவரை அதே அறைக்குக் கூப்பிடும். இரண்டு பேர் ஒரு கதவில் இடித்துக்கொண்டு நிற்பீர்கள். ஆகவே ஒன்றே ஒன்றுதான் உண்டாக முடியும் என்ற கட்டுப்பாட்டை அச்சுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். அந்த முறைக்கு சிங்கிள்டன் என்று பெயர்.

எப்படி வைப்பது? பொருளை வார்க்கிற வழி ஒன்று இருக்கிறது, அதை உள்பக்கமாகத் தாழிட்டுவிட வேண்டும். வெளியிலிருந்து யாரும் புதிதாக ஒன்றை உண்டாக்க முடியாது. வேண்டியவர்கள் ஒரே ஒரு வாசலில் வந்து கேட்க வேண்டும். முதலில் கேட்பவருக்காக அது உருவாகும். அதன்பின் யார் கேட்டாலும் அதையேதான் எடுத்துக் கொடுக்கும். ஜாவா என்கிற கணினி மொழியில் இதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். இரண்டு பேர் ஒரே நொடியில் வந்து கேட்டால், ‘இன்னும் உருவாகவில்லையே’ என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாக ஒன்றை உண்டாக்கிவிடும், அதற்காக வாசலில் ஒரு பூட்டுப் போட வேண்டும். சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் ஒரு ஃபங்ஷனுக்குள் மறைத்து வைத்தால் போதும், பூட்டை மொழியே பார்த்துக்கொள்ளும். பைத்தானில் தனிக் கோப்பாக எழுதி வைத்தாலே சரி. முதல் முறை ஏற்றிக்கொண்டு, அடுத்த முறை முதல் அதையே நீட்டும். கோட்லினில் ஒரு சொல்லில் முடிந்துவிடும். மொழிக்கு மொழி வழி வேறு. கருத்து ஒன்றுதான். தாழிடுவது, ஒரு வாசல் வைப்பது, அந்த வாசலை விட்டு நகராமல் இருப்பது.

எரிச்சல் குறைந்ததா? பஞ்சு கையில் இருக்கிறதல்லவா, கன்னத்தில் வழிவதை மட்டும் துடையுங்கள். கண்ணைத் தேய்க்காதீர்கள்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இந்த ஒழுங்குதான். கோதை என்னைவிட ரொம்ப இளையவள், என் இடுப்பில் வளர்ந்தவள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் என்னிடம்தான் கேட்க வேண்டும். தோழிகள் பேச வேண்டுமென்றால் வீட்டு போனுக்குத்தான் பேச வேண்டும், நான் எடுப்பேன், அவளிடம் கொடுப்பேன். இங்கே பதிவு கவுண்டரில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். காலையில் என் ஸ்கூட்டரில் இறக்கிவிடுவேன், மாலையில் கூட்டிக்கொண்டு போவேன். வந்த வரன்களில் எதுவும் சரியாக இல்லை. ஒருவர் சிகரெட் குடிப்பார், ஒருவருடைய அம்மா அதிகம் பேசினார், ஒருவர் துபாயில் இருந்தார். அடக்கி வைத்திருந்தேன் என்று எங்கள் சித்தி சொல்லிக்கொண்டு திரிந்தார். அடக்கி வைக்கவில்லை. கோதை ஒருநாளாவது வாயைத் திறந்து மறுத்திருந்தால் அல்லவா அடக்குவது?

குரல் பதிவை வீட்டில்தான் செய்தோம். பீரோ இருக்கிற அறையில் கதவு ஜன்னல் எல்லாவற்றிலும் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு. கடும் வெயில் காலம். அவள் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல வேண்டும்.

“அக்கா, யாரைக் கூப்பிடுறதா நெனச்சுக்கிட்டு சொல்லட்டும்?” என்றாள்.

“யாரையும் நினைக்காதே. எண்ணைச் சொல்.”

“நம்பர் எப்பிடிக்கா எந்திரிச்சு வரும்? ஆளுதான வரணும்.”

“கோதை, சிரிக்காதே. சிரித்தால் பதிவில் தெரிகிறது.”

“சிரிக்கலக்கா. என் மூஞ்சியே அப்பிடித்தான். நீ பெத்து வளத்திருந்தா வேற மூஞ்சி வந்திருக்கும்.”

“வளர்த்தது நான்தான். மறுபடியும் சொல்.”

மறுபடியும், மறுபடியும். ‘வாங்க’ என்று சொல்லட்டுமா என்று கேட்டாள். ‘வரவும்’ என்பதுதான் முறை என்றேன். பொது இடம், வீடு அல்ல. பொழுது சாயும் நேரத்தில் அவளுக்கு நாக்கு வறண்டு, சிரிப்பெல்லாம் வற்றிப்போய், ஒரு சீரான குரல் வந்தது. அந்தப் பதிவுகளைத்தான் வைத்துக்கொண்டேன். காலையில் நீங்கள் கேட்டவை அவைதான். தரமான பதிவு.

பிறகு இந்த மருத்துவமனை வளர்ந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் புதிய கட்டடம் வந்தது. இரண்டுக்கும் நடுவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்தார்கள். வரும்போது பார்த்திருப்பீர்கள். லென்ஸைத் தேய்த்து, பிரேமுக்குத் தக்கபடி வெட்டிப் பொருத்துகிற மிஷின் ஒன்று அங்கே நாள் முழுக்க ஓடும். கொய்ங் என்று ஒரு சத்தம். அதில் வேலை பார்ப்பவர் ஞானசிகாமணி. கண்ணாடிக்காரர்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் கோதை, “அக்கா, நான் ஞானத்தைக் கட்டிக்கிறப் போறேன்” என்றாள்.

நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “என்னைக் கேட்டாயா?” என்றேன்.

“கேக்கலக்கா. சொல்றேன்” என்றாள்.

அவ்வளவுதான். அவளுக்கு அப்போது நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் ஒருத்தி போய்விட முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சர்ச்சில் கல்யாணம். போகவில்லை, அன்றைக்குக் கல்லூரியில் ஆய்வுக்குழு வருகை. அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று நிறுத்தம். கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். “அக்கா வா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போ.” அவளுக்குத்தான் என் வீடு தெரியுமே, அவள் வரட்டும் என்று இருந்தேன். வந்தாள், ஒருமுறை. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மதிப்பெண் கூட்டுகிற நேரத்தில் கவனம் சிதறினால் ஒரு மாணவனுடைய எதிர்காலம். ‘அப்புறம் வா’ என்றேன். அவள் வரவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும், வராதது அவள்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை கவுண்டரில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதன்பின் புரோகிராமைப் பராமரிக்க நான் அடிக்கடி இங்கே வர ஆரம்பித்தேன். பராமரிக்க அதில் ஒன்றுமில்லை, நன்றாக எழுதப்பட்டது. ஆனால் வந்து பார்ப்பது பொறுப்பு அல்லவா? இதே பெஞ்சில் உட்காருவேன். வரவும், வரவும் என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள். ஒருவர் எழுந்து போவார். அடுத்தவர் எழுந்து போவார். வீட்டில் அவள் இல்லை, கல்லறையில் அவள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இங்கே இருந்தாள். ஒரே இடம், ஒரே ஆள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

வழக்கமாக அந்தப் பக்கம் போகமாட்டேன், ஒருநாள் முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். உச்சி வெயில், ஆள் நடமாட்டம் இல்லை. பின்னால் கோதை கூப்பிட்டாள்.

“வாங்க.”

நின்றுவிட்டேன், ஐயா. என்னிடம் இருக்கிற பதிவுகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். அந்தச் சொல்லை என் தங்கை எனக்குப் பதிவு செய்து கொடுக்கவே இல்லை. நான்தான் வேண்டாம் என்றேனே. திரும்பிப் பார்த்தேன். புதிய கட்டடத்தின் வாசல். உள்ளேயிருந்து மறுபடியும். “ஒம்பதாம் நம்பர், ரெண்டாவது ரூமுக்கு வாங்க.” சிரித்துக்கொண்டு சொல்கிறாள். சிரிப்பு காதில் விழுகிறது. சொல்லி முடித்ததும் ஒரு மூச்சு. அந்த மூச்சுக்குப் பின்னால் கொய்ங் என்று மெல்லிசாக அந்த மிஷின் சத்தம். அதே நொடியில், கேளுங்கள், அதே நொடியில் இந்தப் பக்கத்துக் கூடத்திலிருந்து, “டோக்கன் எண் இருபத்தேழு. அறை எண் மூன்றுக்கு வரவும்.” நடு முற்றத்தில் நான். இந்தக் காதில் ஒருத்தி, அந்தக் காதில் ஒருத்தி.

பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது. வீட்டுக்குப் போய் புரோகிராமைத் திறந்தேன். வரிவரியாகப் பார்த்தேன். தாழ் சரியாக இருந்தது. பூட்டு சரியாக இருந்தது. என் கிளாஸில் ஒன்றுதான் உண்டாக முடியும், ஒன்றுதான் உண்டாகியிருந்தது. பல நாள் அதையே பார்த்தேன். சாப்பிடும்போது பின்னாலிருந்து ‘வாங்க’ என்று கேட்கும். கல்லூரியில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் கேட்கும். எங்கோ தவறு இருக்கிறது, இரண்டாவதாக ஒன்று எப்படியோ உருவாகியிருக்கிறது, எனக்குத் தெரியாமல் உருவாகியிருக்கிறது. அந்த எண்ணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இங்கே கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்வது ஹாஜிரா. என்னிடம் படித்தவள். கடைசியில் அவளிடம் கேட்டேன்.

“மேடம், அது நம்ம புரோகிராமே இல்ல. புதுக் கட்டடத்துக்குக் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒண்ணு தனியா எழுதிக் கொடுத்தது. அது பைத்தான், தனி சர்வர். வாய்ஸ் வேணும்னாங்க, கோதை அக்காவையே கேட்டோம். கல்யாணம் ஆன பிறகு. கண்ணாடிக் கடையில உக்காந்து ஒரு மத்தியானத்துல சொல்லி முடிச்சுட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன்?”

ஒரே மத்தியானத்தில். மிஷினைக்கூட நிறுத்தாமல்.

ஹாஜிரா தயங்கித் தயங்கி, “ஒரு புரோகிராமுக்குள்ளதான் மேடம் ஒண்ணே ஒண்ணு. இன்னொரு புரோகிராம் தனியா ஓடுனா, அதுக்குள்ள அதுக்குன்னு ஒண்ணே ஒண்ணு இருக்கும். நீங்கதான சொல்லிக் கொடுத்தீங்க?” என்றாள்.

உண்மைதான். ஒவ்வொரு வருடமும் சொல்லிக் கொடுத்தேன். ‘ஒன்றே ஒன்று’ என்று யாராவது சொன்னால், எந்த எல்லைக்குள் ஒன்று என்று கேளுங்கள். நம்முடைய தாழ்ப்பாள் நம்முடைய வீட்டுக்கு மட்டும்தான். தேர்வில் தவறாமல் வருகிற கேள்வி. அதற்கும் என் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு கட்டடத்தையும் ஒரே சர்வரில் இணைக்கப்போவதாக நிர்வாகம் முடிவு செய்தது. இனி எல்லா அறைக்கும் ஒரே குரல். என் பழைய புரோகிராமை ஒட்டி எழுதுவதால் என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். இரண்டு குரலில் எது இருக்க வேண்டும்?

அது எப்படியோ கண்ணாடிக்காரர் காதுக்குப் போய்விட்டது. வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றேன். எப்போதும் மேடம் என்று அழைக்கிறவர் அன்றைக்கு, “மதினி, அவ சத்தத்த மட்டும் எடுத்துறாதீங்க” என்றார்.

“இது தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது. எது இருந்தாலும் கோதையின் குரல்தான். அந்தப் பதிவை ஹாஜிராவிடம் கேட்டு பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்றேன். நியாயமான வழி அல்லவா?

தலையை ஆட்டினார். “பென் டிரைவுல வச்சு என்ன செய்ய மதினி? அவ கூப்பிடணும். கூப்பிட்டா யாராச்சும் எந்திரிச்சுப் போகணும். நான் பாட்டுக்கு லென்ஸ் வெட்டிக்கிட்டு இருப்பேன். அவ பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருப்பா. அது போதும்.”

படி இறங்கினவர் திரும்பினார்.

“யாரைக் கூப்பிடுறதா நெனச்சுக்கிட்டு சொன்னேன்னு அவகிட்ட கேட்டேன், அன்னைக்கே. இவ்ளோ சிரிப்பா வருதேன்னு. எங்க அக்கா நம்ம வாசல்ல வந்து நிக்கிறதா நெனச்சுக்கிட்டேன்னு சொன்னா. ஒவ்வொரு நம்பருக்கும் உங்களத்தான் கூப்பிட்டிருக்கா மதினி.”

அவர் சொன்னது. அதைச் சரிபார்க்க வழியில்லை. அவள் இருந்தால் கேட்கலாம்.

ஹாஜிராவும், “எந்த வாய்ஸ்னு நீங்களே சொல்லிருங்க மேடம், ஒரு வரிதான், மாத்திருவேன்” என்று அவசரப்படுத்தினாள். நான் தேர்ந்தெடுக்க மறுத்துவிட்டேன். சொந்த விருப்பு வெறுப்பு இதில் நுழையக் கூடாது. எந்தக் கூடம் முதலில் ஆளைக் கூப்பிடுகிறதோ, அந்தக் கூடத்தின் பதிவை எடுத்துக்கொண்டு குரல் உருவாகட்டும். அதன்பின் எல்லோருக்கும் அதுவே. மற்றதை மாலையில் நீக்கிவிடலாம் என்று எழுதச் சொன்னேன்.

அவள் சிரித்தேவிட்டாள். “மேடம், முதல்ல வர்றவனைப் பொறுத்து மாறுற மாதிரி சிங்கிள்டன் எழுதினா மார்க்கே கிடையாதுன்னு கிளாஸ்ல என் பேப்பரைத் தூக்கிக் காட்டினீங்களே!”

எழுது என்றேன். எழுதினாள். இன்றைக்கு மதிய இடைவேளையில் அதை ஏற்றுகிறார்கள். இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நான் தேர்ந்தெடுக்கவில்லை, ஐயா. முதல் அழைப்பு தேர்ந்தெடுக்கும். இந்தக் கூடத்தில் முதல் அழைப்பு விரைவாக நடக்கத் தேவையானதை மட்டும் செய்தேன். மருந்து பிடித்த ஆள் தயாராக உட்கார்ந்திருந்தால்தான் இங்கே மணியடிப்பார்கள், அடித்தால்தான் குரல் கூப்பிடும். அதற்காகத்தான் டோக்கன். அதற்காகத்தான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதிய கட்டடத்தில் டாக்டர் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார்.

ஆக, எல்லாம் சரியாக இருக்கிறது. அவள் இந்தக் கூடத்திலேயே இருப்பாள். ஜமுக்காளம் தொங்கவிட்ட அறையில் சொன்னபடி. யாரையும் நினைக்காமல்.

கேட்கிறதா? ஒன்றும் கேட்கவில்லை அல்லவா? அதைத்தான் சொல்கிறேன். மிஷின் சத்தம் இல்லை. கண்ணாடிக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்ததும் போட்டுவிடுவார். வந்திருப்பார், அவர் நேரம் தவறுகிற ஆள் இல்லை. போடாமல் உட்கார்ந்திருக்கிறார். எது கேட்கப்போகிறது என்று உட்கார்ந்திருக்கிறார்.

பெஞ்சில் தட்டுவது நான்தான், மன்னியுங்கள்.

யார், ஹாஜிராவா? முகம் தெரியவில்லை, கொஞ்சம் கிட்டே வா. சர்வர் எழுந்துவிட்டதா? சரி. சரி, நீ போ. ஒன்றுமில்லை, மருந்து விட்டார்கள், அதுதான் வழிகிறது. போ.

சிஸ்டர்? ஆமாம், நாற்பத்தொன்று இவர்தான். டார்ச் அடித்துப் பாருங்கள். ஐயா, இப்போது கொஞ்சம் திறக்கலாம். விரிந்துவிட்டதா? இரண்டுமா? டாக்டர் உட்கார்ந்துவிட்டாரா? நல்லது. மணியடித்துவிடலாம் என்கிறீர்கள்.

சிஸ்டர்.

ஒரு நிமிடம். இடது கண் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. இவர் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் மருந்து வழிந்துவிட்டது என்று. ஆமாம், என்னிடம் சொன்னார். இன்னொரு சொட்டு விட்டுவிடுங்களேன். அரைகுறையாக விரிந்த கண்ணை டாக்டர் பார்த்து, பிறகு திரும்பவும் வந்து உட்காரச் சொன்னால் வயதானவருக்குச் சிரமம் அல்லவா? நான் பக்கத்தில் இருக்கிறேன். அவசரமில்லை.

விட்டுவிட்டார்களா? மூடிக்கொள்ளுங்கள், ஐயா. எரிகிறதா? ஒரு சொட்டு கூடினால் தவறில்லை. நீங்கள் அப்படி என்னிடம் சொல்லவில்லைதான். எனக்கே எல்லாம் புகையாகத் தெரிகிறபோது உங்கள் இடது கண் எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். முறைப்படி மருந்து முழுவதும் பிடித்த பிறகுதான் கூப்பிட வேண்டும். தாமதம் மருந்தினால் ஏற்பட்டது. இதில் நான் தேர்ந்தெடுத்தது ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம்.

அதோ. முற்றத்துக்கு அந்தப் பக்கம்.

“பதினேழாம் நம்பர், ரெண்டாவது ரூமுக்கு வாங்க.”

யாரோ எழுந்து போகிறார்கள், செருப்புச் சத்தம். போகட்டும். ஆயிற்று. இனி எல்லா அறைக்கும் அதுவே. சிஸ்டர், இப்போது பாருங்கள், இவருக்குப் பிடித்துவிட்டது. மணியடிக்கச் சொல்லுங்கள்.

“நாப்பத்தொண்ணாம் நம்பர், மூணாவது ரூமுக்கு வாங்க.”

உங்களைத்தான், ஐயா. எழுந்திருங்கள், மெதுவாக. உங்கள் மருமகள் வந்துவிட்டார், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நேராகப் போனால் கதவு.

மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, கேட்கிறதா?

இல்லை, நான் உங்களோடு வர முடியாது. நான் நாற்பத்திரண்டு. இங்கே கூப்பிட்ட பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.